பருவக்காற்றும் திமிங்கிலமும்

சென்ற ஆண்டு அரையாண்டு விடுமுறையின்போது, இருப்புப்பாதையார் ஊழியர்க்கு அளிக்கும் பாஸைப் பெற்றுக் குடும்பத்தோடு கன்னியாகுமரி சென்றிருந்தோம். கம்பம்மெட்டின் குளிரிலும் மூடுபனியிலும் வளர்ந்த எம் இளைய மகள் அன்றுதான் கடலை முதன்முதலாகக் கண்டாள். நெடுநேரம் வாய் திறவாது நின்றவள், பிறகு, "அப்பா, இந்தக் கடலிலே திமிங்கிலம் இருக்கிறதா?" என்று வினவினாள். "இல்லையம்மா, அவையெல்லாம் பனிக்கட்டி மிதக்கும் குளிர்நாட்டுக் கடல்களில் வாழ்பவை" என்று விடை கூறினோம். பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை முடித்த ஒருவன், அன்று படித்த பாடத்தை நம்பிக் கூறிய விடை அது.

ஊர் திரும்பிய பின் அலுவலக நண்பர் ஒருவர் தந்த நூல்களையும் ஆய்வுச் செய்திகளையும் படித்தோம். எம் விடை முற்றிலும் பிழை என்பது அப்பொழுதுதான் விளங்கிற்று. 2017ஆம் ஆண்டின் இறுதியில் அரபிக்கடலைக் கடந்து வந்த கூன்முதுகுத் திமிங்கிலம் ஒன்று, கேரளக் கரையோரமாகத் தெற்கே இறங்கி, நம் நாட்டின் தென்முனைப் பக்கம் வரை வந்து சென்றிருக்கிறது. மகளுக்குக் கூறிய பிழையைத் திருத்தவும், நம் காலனிக் குடும்பத்தார் யாவரும் இதனை அறியவும் விழைந்து, சங்கத்தின் ஆண்டு விழா மலரில் இக்கட்டுரையை வரைகின்றோம்.

மலைமேல் வாழும் நமக்குக் கடல்வாழ் உயிரின் வரலாறு எதற்கு என்று சிலர் எண்ணலாம். பொறுமையோடு இறுதிவரை படிப்பவர்க்கு அதற்கும் விடை கிடைக்கும்.

பெயரும் உருவமும்

திமிங்கிலம் என்னும் சொல் வடமொழியினின்று வந்தது. 'திமி' என்பது ஒரு பெருமீன். அத் திமியையே விழுங்குவது திமிங்கிலம். அதனையும் விழுங்குவது திமிங்கிலகிலம் என்று முன்னோர் கற்பனையை மேலும் வளர்த்தனர். ஆனால் திமிங்கிலம் மீனன்று. நம்மைப் போல் நுரையீரலால் மூச்சு விடுவது. கன்று ஈன்று பாலூட்டி வளர்ப்பது. மூச்சு விடுவதற்காக அது நீர்மட்டத்திற்கு வந்தே ஆகவேண்டும். மனிதன் அதனைக் காண முடிந்ததற்கும் கொல்ல முடிந்ததற்கும் காரணம் இதுவே.

திமிங்கிலங்களில் பல வகைகள் உண்டு. அவற்றுள் ஒன்று கூன்முதுகுத் திமிங்கிலம். நீருள் மூழ்கும்பொழுது முதுகை வில்லைப் போல் வளைத்துக் காட்டுவதால் இப்பெயர் பெற்றது. நன்கு வளர்ந்த ஒன்று 14 முதல் 16 மீட்டர் நீளம் இருக்கும். மூடிய சரக்குப் பெட்டி வகைகள் சிலவற்றின் நீளம் அவ்வளவே. எடை 30 டன்னுக்கு மேற்படும். அதன் முன்துடுப்புகள் உடல் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு இருப்பதால், அறிவியலார் அதற்குப் பெருஞ்சிறகி என்னும் பொருள்பட இலத்தீன் பெயர் இட்டனர். வாலின் அடிப்பக்கத்தில் கறுப்பும் வெளுப்புமாக அமைந்த கோலம் ஒவ்வொன்றுக்கும் வேறுபடும். நமக்குக் கட்டைவிரல் ரேகை எப்படியோ, அதற்கு அக்கோலம் அப்படி.

இவ்வினத்தின் பெரும்பகுதி ஆண்டுதோறும் நெடும்பயணம் செய்வது. கோடையில் துருவக் கடல்களில் உண்டு கொழுக்கும். குளிர்காலத்தில் 5000 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவைக் கடந்து வெப்பக் கடல்களுக்கு வந்து, அங்கே கன்று ஈனும், இணை சேரும். அக்காலம் முழுதும் தாய் பெரும்பாலும் உணவின்றியே கன்றுக்குப் பாலூட்டும். பிழைப்புக்காக மலையேறி, திருவிழாவுக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் கம்பம் பள்ளத்தாக்கிற்கு இறங்கிச் சென்ற நம் பாட்டன்மார் பாட்டிமாரின் வாழ்க்கையை இது நினைவூட்டுகிறதன்றோ?

பண்டைய செய்தி

அரபிக்கடலில் திமிங்கிலம் கண்ட செய்தி புதியதன்று. கி.மு. 325இல், அலெக்சாந்தரின் கடற்படைத் தலைவனாகிய நியார்க்கசு, சிந்து நதி முகத்திலிருந்து பாரசீகம் நோக்கிக் கலங்களைச் செலுத்தினான். மக்ரான் கரையை அடுத்து வருகையில், கடலினின்று நீர் தூண்போல் மேலெழுவதைக் கண்டு துடுப்பு வலிப்போர் அஞ்சித் துடுப்பைக் கைவிட்டனர். நியார்க்கசு அவர்களுக்கு ஊக்கமளித்து, போருக்குச் செல்வது போலக் கலங்களை வரிசையாக நிறுத்தி, எக்காளம் ஊதுவித்து, முழக்கமிட்டு முன்னேறினான். திமிங்கிலங்கள் வெருண்டு மூழ்கி, கலங்களுக்குப் பின்புறம் எழுந்தன என்று பிற்காலத்து வரலாற்றாசிரியர் அரியன் எழுதியுள்ளார். அக்கரையில் வாழ்ந்த மீனுண்ணும் மக்கள், கரையொதுங்கிய திமிங்கிலத்தின் எலும்புகளைக் கொண்டே வீடு கட்டினர் என்பதும் அவர் தரும் செய்தி.

நம் பக்கத்திலும் சான்றுகள் உள. 1874ஆம் ஆண்டு மங்களூர்க் கரையில் ஒதுங்கிய ஒரு திமிங்கிலத்தின் எலும்புக்கூடு சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டது. எழும்பூர் நிலையத்தில் வண்டிக்குக் காத்திருந்த நாட்களில் யாமும் அதனைக் கண்டதுண்டு. ஆயினும் அது நம் மேலைக் கரையில் ஒதுங்கியது என்பதைக் கருத்தில் கொண்டோமில்லை. தூத்துக்குடி மாவட்டத்து மணப்பாடு கரையோரம் 1973 சனவரியில் 147 திமிங்கிலங்கள் ஒருசேர ஒதுங்கின. 2016 சனவரியில் அதே கரையில் மீண்டும் எண்பதுக்கு மேல் ஒதுங்கின. அவை உருவில் சிறிய வேறொரு வகை. மீனவர் அவற்றைப் படகில் கட்டி இழுத்து ஆழ்கடலில் விட, அவற்றுள் சில மீண்டும் கரைக்கே திரும்பிவந்து மாண்டன என்பதைப் படிக்கும்பொழுது நெஞ்சு கனக்கிறது.

காண்பதே தொழிலானது

கொல்வதற்காகத் திமிங்கிலத்தைத் தேடிய மனிதன், காண்பதற்காகத் தேடத் தொடங்கியது அண்மைக் காலத்தில்தான். 1950ஆம் ஆண்டு அமெரிக்காவின் சான்டியாகோ நகரில், கடலை நோக்கிய ஒரு குன்று திமிங்கிலம் காணும் இடமாகப் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. முதல் ஆண்டிலேயே பதினாயிரம் பேர் வந்தனர். 1955இல் அங்கேயே ஒருவர், தலைக்கு ஒரு டாலர் கட்டணம் பெற்றுப் படகில் அழைத்துச் சென்று காட்டினார். அவர்கள் கண்டது சாம்பல்நிறத் திமிங்கிலம்.

கூன்முதுகுத் திமிங்கிலத்தின் புகழைப் பரப்பியது அதன் பாட்டு. ஆண் திமிங்கிலம் நீருக்குள் ஒலிக்கும் ஒலிகள் தாறுமாறானவை அல்ல. ஒழுங்காகத் திரும்பத் திரும்ப வரும் பாட்டு என்று ரோஜர் பெயின் முதலிய ஆய்வாளர் கண்டனர். 1970இல் அப்பாட்டு இசைத்தட்டாக வெளிவந்து பல நாட்டு மக்களின் மனத்தை மாற்றியது. 1977இல் விண்ணில் ஏவப்பட்ட வாயேஜர் கலங்கள், பல மொழி வாழ்த்துகளோடு அப்பாட்டையும் சுமந்து சென்றன.

பசிபிக் பெருங்கடலின் டோங்காத் தீவுகளில் மக்கள் உணவுக்காக இத்திமிங்கிலத்தை வேட்டையாடி வந்தனர். 1978இல் அந்நாட்டு மன்னர் நான்காம் துபௌ அதற்குத் தடை விதித்தார். இன்று, சூலை முதல் அக்டோபர் வரை, தாயும் கன்றும் தங்கும் அமைதியான நீர்ப்பரப்பிற்குப் படகுகள் செல்கின்றன. முகத்தில் கண்ணாடியும் வாயில் மூச்சுக்குழாயும் பொருத்திக் கொண்டு, ஒரு நேரத்தில் நால்வரும் ஒரு வழிகாட்டியும் மட்டுமே நீரில் இறங்கலாம் என்பது அங்குள்ள விதி. கரீபியக் கடலில் தொமினிக்கன் குடியரசு 1986இல் வெள்ளித்திட்டு என்னும் பவளத்திட்டைக் காப்பிடமாக்கியது. அங்கே சனவரி முதல் மார்ச்சு வரை காண்பதற்குரிய பருவம். வேட்டையால் சில நூறாகக் குறைந்துபோன ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரைத் திமிங்கிலங்கள், இன்று பல்லாயிரமாகப் பெருகியுள்ளன.

நமக்கு அணித்தான இடம் இலங்கை. அதன் தென்கரையில் உள்ள மிரிச என்னும் ஊரிலிருந்து, நவம்பர் முதல் ஏப்ரல் வரை படகுகள் செல்கின்றன. அங்கே பெரிதும் காணப்படுவது நீலத்திமிங்கிலம். கூன்முதுகு எப்பொழுதோ ஒருமுறை தென்படும். பெருங்கப்பல்கள் செல்லும் வழியும் திமிங்கிலம் இரை தேடும் இடமும் அங்கே ஒன்றாயிருப்பதால், கப்பல் மோதி மாள்வன உண்டு. காண வரும் படகுகளே ஒன்றையொன்று முந்தித் துரத்துவதும் உண்டு. அன்பு மிகுந்தாலும் கூட்டம் மிகுந்தால் தொல்லைதான் என்பது தேர்த் திருவிழா கண்ட நமக்குத் தெரியாததன்று.

டோங்காவில் பருவம் தவறாமல் காணக்கூடிய இத்திமிங்கிலத்தை, நம் கொச்சியிலோ விழிஞ்ஞத்திலோ படகேறிக் காண ஏன் இயலவில்லை? நம் கடலில் எஞ்சியவை மிகச் சில என்பதே விடை. ஏன் சிலவாயின என்பது வருந்தத்தக்க ஒரு கணக்கு.

பொய்க் கணக்கு

எம் தொழில் கணக்கு எழுதுவது. வந்த சரக்கு இவ்வளவு, சென்ற சரக்கு இவ்வளவு என்று ஏட்டில் பதிவதில் எம் வாழ்நாளில் பாதி கழிந்தது. ஆதலால் இப்பகுதியைப் படித்த அன்று இரவு உறக்கம் பிடிக்கவில்லை.

இருபதாம் நூற்றாண்டில் தென்பாதிக் கடல்களில் மட்டும் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட கூன்முதுகுத் திமிங்கிலங்கள் கொல்லப்பட்டன. எண்ணெய்க்காகவும் இறைச்சிக்காகவும் நிகழ்ந்த கொலை இது. வேட்டைக்கு வரம்பு கட்ட 1946இல் நாடுகள் கூடி உடன்படிக்கை செய்தன. அதன்வழி அமைந்த ஆணையம், தென்பாதிக் கடலில் கூன்முதுகுத் திமிங்கிலத்தைக் கொல்லலாகாது என 1963இல் விதித்தது. 1966இல் அப்பாதுகாப்பு உலகெங்கும் விரிந்தது. ஏட்டளவில் எல்லாம் ஒழுங்காயிருந்தது.

ஆனால் சோவியத் நாட்டு வேட்டைக் கப்பல்கள் விதியை மீறி வேட்டையாடி, பொய்க் கணக்கை அனுப்பி வந்தன. இரண்டாம் உலகப் போருக்குப் பிற்பட்ட காலத்தில் தென்பாதிக் கடலில் அவை கொன்றதாகக் காட்டிய கூன்முதுகுத் திமிங்கிலங்கள் 2710. உண்மையில் கொன்றவையோ 48000க்கு மேல். கப்பல்களில் பணியாற்றிய அறிவியலார் சிலர் மெய்யான குறிப்புகளை அழியவிடாமல் மறைத்துக் காத்தனர். சோவியத் ஒன்றியம் மறைந்தபின், 1993இல் உருசிய அறிவியலார் அலெக்சி யாப்லோக்கோவ் இவ்வுண்மையை உலகறியச் செய்தார்.

அம் மெய்க்குறிப்புகளில் நம் கடலைப் பற்றிய பக்கமும் இருந்தது. சுலாவா, சோவியத்து உக்ரைனா என்னும் பெருங்கப்பல்களைச் சார்ந்த வேட்டைப் படகுகள், தென்துருவக் கடலுக்குச் செல்லும் வழியில் அரபிக்கடலில் புகுந்தன. ஓமன், பாக்கிஸ்தான், வடமேற்கு இந்தியா ஆகியவற்றின் கரைக்கப்பால் 1965, 1966ஆம் ஆண்டுகளில் 242 கூன்முதுகுத் திமிங்கிலங்களைக் கொன்றன. பெரும்பாலானவை மாண்டது 1966 நவம்பர் மாதம் ஒன்றிலேயே. உலகெங்கும் தடை என்று ஏட்டில் எழுதிய அதே ஆண்டு அது. கொன்றவை எந்த நாட்டு ஏட்டிலும் அன்று பதியப்படவில்லை. முப்பது ஆண்டுகள் நம் அண்டைக் கடலின் இழப்பை நாமே அறியாதிருந்தோம்.

ஓரிடத்தில் தங்கிய இனம்

பொல்லாத அவ்வேட்டையிலிருந்து ஓர் அரிய உண்மை கிட்டிற்று. கொல்லப்பட்ட திமிங்கிலங்களின் வயிற்றை ஆராய்ந்தபொழுது, இரை நிறைந்திருந்தது. வெப்பக் கடலில் நோன்பிருக்க வேண்டியவை இங்கே உண்டிருந்தன. சினைப்பட்டவற்றின் கருவின் அளவைக் கொண்டு பார்த்தால், அவை தென்துருவத்திலிருந்து வந்தவையாக இருத்தல் இயலாது என்பதும் தெளிவாயிற்று. அதாவது, இவை எங்கும் செல்லாமல் அரபிக்கடலிலேயே பிறந்து, உண்டு, பாடி, கன்று ஈன்று, மடிபவை. உலகில் துருவப் பயணம் செய்யாத கூன்முதுகுத் திமிங்கிலக் கூட்டம் இது ஒன்றே. 2014இல் வெளிவந்த மரபணு ஆய்வு, ஏறத்தாழ 70000 ஆண்டுகளாக இவை பிற கூட்டங்களினின்று பிரிந்து வாழ்கின்றன என்று கணித்தது.

2000 முதல் 2004 வரை ஓமன் கரையில் எடுத்த வால் படங்களைக் கொண்டு மதிப்பிட்டபொழுது, அங்குள்ளவை 82 என்னும் எண்ணே கிடைத்தது. நம் காலனித் தெரு ஒன்றின் மக்கள்தொகை அதனினும் மிகுதி. 2008இல் இக்கூட்டம் அழியும் ஆபத்தில் உள்ள இனமாகப் பன்னாட்டு இயற்கைக் காப்பு ஒன்றியத்தால் அறிவிக்கப்பட்டது. 1979இல் இந்துமாக்கடல் திமிங்கிலக் காப்பிடம் ஆனதும், 1981இல் நம் நாடு அவ்வாணையத்தில் சேர்ந்ததும், 1982இல் முடிவு செய்த வாணிக வேட்டைத் தடை 1986 முதல் நடைமுறைக்கு வந்ததும் நன்மையே. ஆயினும் கன்று ஈனும் தாய்கள் சிலவே எஞ்சிய இடத்தில், வலையில் சிக்கி மாளும் ஒவ்வொன்றும் பேரிழப்பு.

எம் மகளுக்கு விடையளித்த திமிங்கிலத்தின் வரலாறு இங்கே வருகிறது. 2017 நவம்பரில் ஓமன் கரையில் ஒரு பெண் திமிங்கிலத்தின் முதுகில், செயற்கைக்கோள் வழியே இருப்பிடம் உணர்த்தும் சிறு கருவியை ஆய்வாளர் பொருத்தினர். அதற்கு 'லுபான்' என்று பெயர். அரபு மொழியில் குந்திரிக்கம் என்பது பொருள். டிசம்பரில் லுபான் ஓமனை விட்டுக் கிழக்கே புறப்பட்டு, 1500 கிலோமீட்டருக்குக் குறையாத திறந்த கடலைக் கடந்து, கோவாவிற்கு அப்பால் வந்து சேர்ந்தது. பின்பு கேரளக் கரையோரமாகத் தென்முனைப் பக்கம் வரை இறங்கி, மீண்டும் கடலைக் கடந்து, 2018இன் தொடக்கத்தில் ஓமனுக்கே திரும்பியது. அரபிக்கடலை இவ்வினம் குறுக்கே கடப்பது சான்றோடு அறியப்பட்டது அதுவே முதன்முறை. பண்டு நம் மலைகளின் மிளகும் ஏலமும் மேற்கே சென்றன. அரபு நாட்டுக் குந்திரிக்கம் கிழக்கே வந்தது. அவ்வழியே குந்திரிக்கம் என்னும் பெயர் தாங்கிய திமிங்கிலமும் வந்து சென்றது எம்மை வியக்க வைத்தது.

காற்று ஒன்றே

இனி, முதலில் எழுந்த ஐயத்திற்கு வருவோம். மலைமேல் வாழும் நமக்கும் திமிங்கிலத்திற்கும் என்ன உறவு?

வெப்பக் கடலில் இரை குறைவு. அதனாலன்றோ பிற கூட்டங்கள் துருவம் வரை செல்கின்றன? அரபிக்கடலில் அவ்வாறு செல்ல வேண்டாதபடி செய்தது தென்மேற்குப் பருவக்காற்று. அக்காற்று ஓங்கி வீசுகையில், ஓமன் கரையோரத்து மேல்நீரைக் கடலுக்குள் தள்ளுகிறது. ஆழத்திலிருந்து குளிர்ந்த, சத்து மிகுந்த நீர் மேலெழுகிறது. கேரளக் கரையிலும் அப்பருவத்தில் இந்நிகழ்ச்சி உண்டு. அந்நீரில் கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்கள் செழிக்க, அவற்றை உண்டு மத்தி பெருக, மத்தியை உண்டு திமிங்கிலம் வாழ்கிறது. நம் சந்தைக்கு வரும் மத்தியும் திமிங்கிலம் உண்ணும் மத்தியும் ஒரே காற்றின் விளைவு.

அதே காற்றுதான் கடலினின்று ஈரத்தை அள்ளிவந்து நம் மலைத்தொடரில் மோதி மழையாகப் பொழிகிறது. நம் மெட்டைச் சூழ்ந்த ஏலத்தோட்டங்கள் அம்மழையால் வாழ்பவை. பெரியாற்றில் பெருகும் நீரும் அம்மழையே. 1895 முதல் அது மலையைக் குடைந்த வழியே கிழக்கே இறங்கிக் கம்பம் பள்ளத்தாக்கின் வயல்களில் பாய்கிறது. மெட்டுக்கு மேற்கே ஏலம் பறிப்பவரும், கிழக்கே நெல் அறுப்பவரும், கடலில் திமிங்கிலமும் ஒரு காற்றின் பந்தியில் அமர்ந்து உண்பவர்.

எம் பாட்டனார் கம்பத்திலிருந்து ஏல வேலைக்காக மெட்டேறியவர். முதலில் பருவத்துக்குப் பருவம் இறங்கிச் சென்றார். பிறகு பிழைப்பு இங்கேயே அமைந்ததால் தங்கிவிட்டார். நம் காலனியில் பல குடும்பங்களின் வரலாறும் இதுவே. 'வந்தவர்கள்' என்று பிறர் நம்மை நினைத்த காலமும் உண்டு. பெயர்ப் பதிவுகளில் நாம் விடுபட்ட காலமும் உண்டு. ஓரிடத்தில் தங்கிவிட்ட சிறு கூட்டம் கணக்கில் விடுபட்டால் என்ன நேரும் என்பதை நாம் பிறருக்கு எடுத்துரைக்கத் தகுதியுடையோம்.

ஆதலால் அன்பர்களே, விடுமுறையில் கடற்கரை செல்லும்பொழுது பிள்ளைகளுக்கு இச்செய்தியைக் கூறுங்கள். என்றேனும் இலங்கையிலோ பிறிதொரு நாட்டிலோ திமிங்கிலம் காணப் படகேறும் வாய்ப்புக் கிட்டினால், துரத்தாத படகாகப் பார்த்து ஏறுங்கள். தாய்க்கும் கன்றுக்கும் இடையே புகாதீர்கள். திமிங்கிலத்தின் அம்பர் என்று சொல்லி எவரேனும் விற்க வந்தால், வாங்குவதும் வைத்திருப்பதும் நம் நாட்டில் குற்றம் என்பதை மறவாதீர்கள். கரையில் ஒதுங்கியதைக் கண்டால் வனத்துறையினர்க்கு உடனே அறிவியுங்கள். கண்ட இடமும் நாளும் குறிக்கப்பட்டால் அதுவே ஒரு பதிவு. பதிவில் வந்த உயிரைக் காப்பது எளிது.

ஊர் திரும்பிய சில வாரங்கள் கழித்து எம் மகளை அழைத்து, "அன்று அப்பா சொன்னது தவறு, அந்தக் கடலில் திமிங்கிலம் உண்டு" என்று கூறினோம். அவள் சிறிதும் வியப்படையவில்லை. "எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு, "எத்தனை இருக்கின்றன?" என்று கேட்டாள். ஓமன் கரையில் எண்ணிய தொகையைச் சொன்னோம். அதனைத் தன் கணக்கு ஏட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்துக் கொண்டாள். அவள் வளர்ந்து அவ்வேட்டைத் திருப்பும் நாளில் அவ்வெண் பெருகியிருக்க வேண்டும் என்பதே எம் வேண்டுதல்.